எந்தக் கடை திறந்திருக்கிறது

அந்தப் பக்கத்தை வடிவமைத்தவன் நான்தான்.
தெசலோனிக்கியில் இன்றிரவு
எந்த மருந்துக்கடை விழித்திருக்கும் என்று
சொல்வதுதான் அதன் வேலை.
நான் கொடுத்த வேலைகள் வேறு:
திறந்ததும் ஒரு பச்சைச் சிலுவை
மொட்டவிழ்வதுபோல் விரிய வேண்டும்.
பின்னால் வளைகுடா, விடியலுக்குச் சற்று முந்தைய நிறத்தில்.
அதன்மேல் எழுத்துகள்,
ஊதினால் கலைகிற சாம்பலில்.

சங்கத்துக் கூட்டத்தில் கைதட்டினார்கள்.
பொருளாளர் திமோலெயோன் மட்டும்
மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி,
"ரொம்ப அழகு. எங்கே அழுத்தணும்?" என்றார்.
எல்லோரும் சிரித்தார்கள்.
நான் கொஞ்சம் கூடுதலாகவே.

பிப்ரவரி. இரவு இரண்டு நாற்பது.
மிர்சினிக்கு முப்பத்தொன்பது புள்ளி நான்கு.
அரெத்தி துறைமுகத்தில், கிரேனின் உச்சியில்;
அங்கே அவள் போனை எடுக்கமாட்டாள்.
மருந்துப் புட்டியின் அடியில்
காய்ந்துபோன ஓர் இளஞ்சிவப்பு வளையம்.
இடது தோளில் குழந்தை,
அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்.
மிச்சம் ஒரு கை.
அதிலும் கட்டைவிரல் மட்டும்.

சிலுவை மொட்டவிழ்கிறது.
ஒரு வினாடி.
இரண்டு.
நான்தான் கேட்டேன் இரண்டரை வேண்டுமென்று,
நிரல் எழுதிய ஃபோட்டிஸிடம் சண்டை போட்டு.
மெனு இடது மூலையில், உச்சியில்,
மயிரிழையாய் மூன்று கோடுகள்.
எக்கினேன்.
போன் நழுவிப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள்.
எடுத்து, சட்டையில் துடைத்து, மறுபடி:
சிலுவை மொட்டவிழ்கிறது.

குழந்தை அழவில்லை.
அதுதான் பயம்.

கடைசியில் ஒரு முகவரி வந்தது,
சாம்பல் மேல் சாம்பலாய்.
மூன்றா, எட்டா?
கண்ணருகே கொண்டுபோனேன், தள்ளிப் பிடித்தேன்.
எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் செலவழித்தவன் நான்.

போர்வையில் சுற்றிக்கொண்டு மேடேறினேன்.
மூன்று, ஒரு செருப்புக்கடை.
எட்டில் விளக்கெரிந்தது.

கதவில் ஒட்டியிருந்தது ஒரு தாள்.
தடித்த மார்க்கரில், வரி வலப்பக்கம் சரிய:
திறந்திருக்கிறது. மணியை அடியுங்கள். தயங்க வேண்டாம்.
மணியை நோக்கிக் கோணலாய் ஓர் அம்பு.
தாளைச் சுற்றிப் பச்சைப் பேனாவில் ஒரு கரை.
நான்கு மூலையிலும் சின்னச் சின்ன இலை.

பொலிக்சேனி அளவுக்குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
ஒரு கோடு குறைத்தாள்.
"அந்தப் பக்கத்தைப் பார்த்தா வந்தீங்க?"
"ஆமாம்."
"அதைப் பார்த்துட்டு எனக்குப் போன் பண்ணித்தான் கேட்கிறாங்க எல்லாரும்.
எவனோ பகல்ல உட்கார்ந்து செஞ்சிருக்கான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
மருந்து இறங்குவதைப் பார்த்தபடி
இலை எதற்கு என்று மட்டும் கேட்டேன்.

"முதல்ல வெறும் தாள்தான் ஒட்டினேன்.
வாடகைக்கு விடறோம்னு நினைச்சு
மூணு பேர் திரும்பிப் போயிட்டாங்க.
இலை போட்ட பிறகு
உள்ளே ஆள் இருக்குன்னு தெரியுது போல."

நான்கு மணிக்கு மிர்சினி தண்ணீர் கேட்டாள்.
நான் மடிக்கணினியைத் திறந்தேன்.

வளைகுடாவை எடுத்தேன். வலித்தது.
முகவரியைக் கட்டைவிரலடிக்கு இறக்கினேன்,
கறுப்பில், மூன்று மூன்றாகவும் எட்டு எட்டாகவும்.
சிலுவையை அசையாமல் நிறுத்தினேன்.
பார்த்தால் வரிப்பாக்கி நோட்டீஸ் மாதிரி இருந்தது.
இங்கே யார் வந்து மணியடிப்பார்கள்?
பச்சையில் ஒரு கரை இழுத்தேன்.
அழித்தேன். இரண்டு பிக்சல் குறைத்து மறுபடி இழுத்தேன்.

காலையில் ஃபோட்டிஸ் கேட்டான், பூ எங்கே என்று.
திமோலெயோன் எதுவும் கேட்கவில்லை.
கண்ணாடி நெற்றியிலேயே இருக்க,
அழுத்திவிட்டு அடுத்த பில்லுக்குப் போனார்.

மெனு இருந்த அந்த மேல் மூலையில்,
கட்டைவிரல் எட்டாத இடத்தில்,
ஓர் இலையை விட்டுவைத்திருக்கிறேன்.